சோனி எஃப்எக்ஸ்3-ஆ, பிளாக்மேஜிக் 6கே ப்ரோவா?

ரெண்டுமே வீடியோ, சினிமா எடுக்கற கேமரா, 2021 பிப்ரவரியில அடுத்தடுத்து அறிவிச்சதுதான், விலையில மட்டும் பெரிய கேப், அறிவிச்சப்போ பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே ப்ரோ 2,495 டாலர், எஃப்எக்ஸ்3 கிட்டத்தட்ட 3,900. காசைப் பார்த்தா பிளாக்மேஜிக்தான்னு தோணும், அதுலயும் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) உள்ளயே இருக்கு, ரா (பெருசா பிராசஸ் பண்ணாத மூல வீடியோ) கேமராலயே ரெக்கார்ட் ஆகும், யூஎஸ்பி-சி-ல ஒரு எஸ்எஸ்டியைச் சொருகிட்டு ஓட்டலாம், போதாக்குறைக்கு தனியா வாங்கினா 295 டாலர் ஆகுற டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோங்கற எடிட்டிங் சாஃப்ட்வேரையும் சேர்த்தே குடுத்துடறாங்க. சோனியில ரா வேணும்னா எச்டிஎம்ஐ வழியா வெளிய ஒரு ரெக்கார்டர் மாட்டணும், வெயில்ல நின்னா என்டியை லென்ஸ் முன்னாடி திருகணும் (இந்த விலைக்கு இது கொஞ்சம் ஓவர்தான்).

ஆனா ஓடிட்டே இருக்கற ஆளை ஃபாலோ பண்ணி எடுக்கணும்னா கதையே வேற. சோனி ஆட்டோஃபோகஸ் கண்ணைப் புடிச்சா லேசுல விடாது, பாடிக்குள்ளயே ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசேஷன், 4கே-ல செகண்டுக்கு 120 ஃபிரேம், எஸ்-லாக்3-ல (கலரை அப்புறம் திருத்த வசதியான ரெக்கார்டிங் மோட்) ரெண்டாவது பேஸ் ஐஎஸ்ஓ (இருட்டுல எடுக்கறதுக்கான ஒளி உணர்திறன் அளவு) 12,800. பிளாக்மேஜிக்ல அது 3,200தான், தொடர் ஆட்டோஃபோகஸே கிடையாது, பட்டனை அமுக்கினா ஒருவாட்டி ஃபோகஸ் ஆகும் அவ்ளோதான், பேட்டரியை வேற தண்ணியா குடிக்கும், அதனால மிச்சம் புடிச்ச காசுல பாதி பேட்டரிக்கும் கிம்பலுக்கும் (கேமராவை ஆடாம தாங்குற பிடி) போயிடும்.

ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸை கையால மாத்துற ஆள்), லைட்டிங்னு ஆள் வச்சு ஷார்ட் ஃபிலிம் எடுக்கறவங்களுக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்ல, கண்ண மூடிட்டு பிளாக்மேஜிக் எடுக்கலாம். தனி ஆளா ஓடுறவங்களுக்கு சோனிதான், 120 ஃபிரேமை ஃபுல் குவாலிட்டியில எடுக்க சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப்-ஏ மெமரி கார்டு வாங்கறதா இருந்தா அதோட விலையை மட்டும் மொதல்லயே பட்ஜெட்ல எழுதி வச்சுக்கங்க.