ஜப்பான் ராணுவ சாகே கிண்ணம்: பீங்கானா, மரமா?

சாகேங்கற ஜப்பான் அரிசி மதுவைக் குடிக்கற இந்தக் கிண்ணத்தை சேர்க்க ஆரம்பிக்கறவங்க எல்லாருக்கும் வர்ற முதல் குழப்பம் இதுதான், பீங்கான் கிண்ணம் வாங்கறதா, உருஷிங்கற மரப்பால் மெருகு பூசின மரக்கிண்ணம் வாங்கறதா. என் ஓட்டு பீங்கானுக்கு.

ஏன்னா இதோட கதையே அதுல இருக்கற எழுத்துதான். கட்டாய ராணுவ சேவை முடிச்சு ஊர் திரும்பற சிப்பாய், தன்னை வழியனுப்பி வச்ச சொந்தக்காரங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நன்றியா குடுத்த கிண்ணம் இது, அதனால அவன் ரெஜிமென்ட், பேரு எல்லாம் அதுல எழுதியிருக்கும். என்கிட்ட இருக்கற ஒரு பீங்கான்ல உள்பக்கம் அஞ்சுமுனை நட்சத்திரம், பக்கத்துல சக்குரா (செர்ரி) பூ, நட்சத்திரத்துல பாதி தங்கம் தேஞ்சு போச்சு, ஆனா கவுத்துப் பாத்தா அடி வளையத்துக்குள்ள குடும்பப் பேரு இன்னும் அப்படியே இருக்கு. ரெஜிமென்ட் நம்பர் ஜப்பான் எழுத்துல இருந்தாலும் படிக்கறது கஷ்டமில்ல, குறுக்கா மூணு கோடு இருந்தா 3.

சின்னம் படிக்க சின்ன வழி ஒண்ணு சொல்றேன். நட்சத்திரம்னா தரைப்படை, நங்கூரம்னா கடற்படை. 16 கதிர் சூரியக் கொடி ரெண்டு பேருக்கும் உண்டு, சூரியன் நட்டநடுவுல இருந்தா தரைப்படை, கொடிக்கம்பம் பக்கமா தள்ளி இருந்தா கடற்படை. மூணு பக்கமும் ஊதா குஞ்சம் தொங்கினா அது ரெஜிமென்ட் கொடி, காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும்தான் அது குடுத்தாங்க.

மரக்கிண்ணம் கையில எடுத்தா வெயிட்டே தெரியாது, சிவப்பு மெருகு மேல தங்க நட்சத்திரம் மின்னறதைப் பாத்தா பீங்கானெல்லாம் மறந்துபோகும், அதை மறுக்கல. ஆனா காத்து ரொம்ப வறண்டா மரம் சுருங்கி மெருகு வெடிச்சிடும், வெயில் பட்டா நிறம் மங்கிடும், ஏசி ரூம்ல ஷெல்ஃப்ல வச்சு அழகு பாக்கற பொருள் இல்ல அது. பீங்கானுக்கு எதிரி தேய்க்கற துணிதான், தங்கம் மெருகுக்கு மேல இருக்கறதால அழுத்தி துடைச்சா போயிடும், விளிம்புல சில்லு போறதும் உண்டு.

மாமன்னர் குடுத்த 16 இதழ் செவ்வந்தி முத்திரை போட்ட கிண்ணம் தனி வகை, அது பரிசு, இந்தக் கணக்குல சேராது.

வாங்கறப்ப அடி வளையம் நல்லா தேஞ்சிருந்து மேல படம் மட்டும் புதுசா பளபளன்னு இருந்தா நான் தொடவே மாட்டேன், பழைய வெறும் கிண்ணத்துல புதுசா வரைஞ்சதுன்னுதான் எனக்கு சந்தேகம் வரும்.

எந்த ரெஜிமென்ட்னு படிக்கறதை நான் விடவே மாட்டேன், காரணம் இருக்கு. 1942-43ல சயாம் பர்மா ரயில் பாதை போட்டது ஜப்பானோட 5ஆம், 9ஆம் ரயில்வே ரெஜிமென்ட், மலாயா தோட்டத்துலேருந்து கொண்டுபோன நம்ம தமிழ் ஜனங்க ஆயிரக்கணக்குல அங்கதான் செத்தாங்க. ரயில்வே ரெஜிமென்ட் கிண்ணம் எதுவா இருந்தாலும் கையில எடுக்கறப்ப முதல்ல நம்பரைத்தான் தேடறேன், அழகை அப்புறம்தான் பாப்பேன்.