மலைநாட்டு வீட்டில் ஸ்நேக் பிளாண்ட்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

இலங்கை மலைநாட்டு அட்டனில் புதுவீடு குடிபோகும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முதன்முதலாகச் செடி வளர்க்கப் போகிறேன். ஸ்நேக் பிளாண்ட் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" வாள்போல நிமிர்ந்த இலை, அதிலுள்ள கோடு, தண்ணீர் கேட்காத குணம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. மலையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

செடியில் குறை சொல்ல அதிகம் இல்லை. என் கோபமெல்லாம் அதை விற்கும் சாடியின் மேல்தான். கடையில் கிடைக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை வெறும் தும்புத்தூளில் (தென்னை நார்த்தூளில்) நிற்கின்றன. அதை அப்படியே அடியில் துளையில்லாத பீங்கான் சாடிக்குள் இறக்கி, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பிக் கொடுக்கிறார்கள். "வாரம் ஒருமுறை தண்ணீர்" என்று ஒரு அட்டையும் செருகியிருக்கும். கொழும்பு வெக்கையில் அந்தத் தூள் ஒரு வாரத்தில் உலரலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். அங்கே ஒருமுறை ஊற்றிய தண்ணீர் ஒரு மாதமானாலும் அடியில் குளிர்ந்து கிடக்கும். கூழாங்கல் மூடியிருப்பதால் ஈரம் கண்ணுக்கும் தெரியாது.

இந்தச் செடி பெரும்பாலும் இரவில்தான் இலைத்துளையைத் திறந்து மூச்சு விடுகிறது. அதனால் வேர் உறிஞ்சும் நீர் மிகக் குறைவு. குளிரும் மூடுபனியும் சேர்ந்தால் இன்னும் குறையும். ஈரத்தில் காற்றில்லாமல் முதலில் வேரும், பிறகு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் அழுகும். இலை தனக்குள் நீரைச் சேமித்து வைத்திருப்பதால் வாரக்கணக்கில் நலமாகவே தோன்றும். ஒருநாள் அடியில் மஞ்சளித்து, தொட்டதும் சாயும். அப்போது கீழே பார்த்தால் கிழங்கு பாதிக்கு மேல் கூழாகியிருக்கும். "தண்ணி பத்தலையோ" என்று அந்த நேரத்தில் இன்னொரு குவளை ஊற்றுவதுதான் பெரும்பாலான செடிகளுக்கு முடிவு.

ஆகவே வாங்கிய வாரத்திலேயே மண்ணை மாற்றுங்கள். கழுவிய பருமணல் 2 பங்கு, உமிக்கரி 1 பங்கு, தோட்டத்து மேல்மண் 1 பங்கு போதும். தேயிலை மலையின் மண் புளிப்பானது, களியும் அதிகம். 6 அங்குலச் சாடிக்கு ஒரு தேக்கரண்டி டொலமைட் சுண்ணாம்புத்தூள் கலந்தால் புளிப்பு தணியும். வேரில் ஒட்டியிருக்கும் தும்புத்தூளை உதறி எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு கட்டி மிஞ்சினாலும் அது பஞ்சைப் போல ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சாடிக்குத் தயிர்ச்சட்டியே கைகொடுக்கும். வாய் அகலம், ஆழம் குறைவு. கிழங்கு பக்கவாட்டில் பரவுவதால் அந்த அமைப்பு பொருந்தும், மண்சட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். சட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்து, துளையிடும் மெசினில் கொங்கிரீட்டுக்குப் போடும் 10 மில்லிமீற்றர் பிட்டைப் பூட்டி, ஹேமர் (அடித்துத் துளைக்கும்) விசையை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைக்க வேண்டும். மூன்று துளை போதும். ஆணியும் சுத்தியலும் எடுத்தால் சட்டி பிளந்துவிடும்.

ஏற்கெனவே அழுகியிருந்தால் வெள்ளையான, கடினமான சதை தெரியும்வரை கிழங்கை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். வெட்டுவாயில் கரித்தூள் தடவி நிழலில் உலரவிடுங்கள். சமவெளியில் மூன்று நாள் போதும் என்பார்கள், மழை மாதத்து அட்டனில் ஒரு வாரம் வேண்டும். நட்ட பிறகு பத்து நாள் தண்ணீர் காட்டக் கூடாது. கிழங்கு முழுவதும் போய்விட்டால் இலையை 3 அங்குலத் துண்டுகளாக்கி, கீழ்ப்பக்கம் எதுவென்று அடையாளமிட்டு மணலில் செருகலாம். தலைகீழாகச் செருகினால் வேர் வராது. குளிரில் முளைக்க மாதக்கணக்காகும். மஞ்சள் கரையுள்ள வகையை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் குட்டிகளில் மஞ்சள் வராது, வெறும் பச்சையாகவே வரும். கரை வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

தண்ணீருக்கு நாள்கணக்கு வேண்டாம், ஒரு தென்னை ஈர்க்கு போதும். சாடியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனி கறுத்திருந்தாலோ மண் ஒட்டியிருந்தாலோ ஊற்ற வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழையில் அட்டன், தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கம் மாதம் ஒருமுறை ஊற்றுவதே அதிகமாக இருக்கலாம். அதே மாதங்களில் மலையின் கிழக்கே பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும், அங்கே இரண்டு வாரத்தில் அடிமண் உலர்ந்துவிடும். ஒரே செடி, ஒரே மாதம், மலையின் இரண்டு பக்கங்களில் இரண்டு கணக்கு. மலை ஊற்றிலிருந்து வரும் குளிர்ந்த பீலித்தண்ணீரை நேரே ஊற்றாமல் ஒரு வாளியில் பிடித்து இரவு வீட்டுக்குள் வைத்திருந்து ஊற்றுங்கள். இலைக்கொத்தின் நடுக்குழியில் நீர் தேங்கக் கூடாது.

10 பாகைக்குக் கீழே இந்தச் செடிக்கு ஆகாது. சனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, நானுஓயாப் பக்கம் தேயிலையில் உறைபனி விழும் இரவுகளில் இஸ்தோப்பில் (வெளித்திண்ணையில்) விட்டுவைத்தால் இலையில் நீர்கோத்தது போன்ற திட்டுகள் வரும். அவை மறையாது. அந்த இரண்டு மாதமும் உள்ளே, கண்ணாடி யன்னலில் இலை படாமல் வையுங்கள். "இருட்டிலும் வளரும்" என்பதையும் நம்ப வேண்டாம். இருட்டில் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் குறையக் குறைய நீர்ச்செலவும் குறையும், அழுகலும் நெருங்கும். யன்னலிலிருந்து மூன்றடிக்குள் இருக்கட்டும்.

காற்றைச் சுத்தமாக்கும் என்ற விளம்பரத்துக்காக வாங்காதீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1989-ம் ஆண்டு நாசா ஆய்வு மூடிய பெட்டிகளுக்குள் நடந்தது, கதவும் யன்னலும் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அழகுக்காக வாங்கலாம், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (அறையில்) பக்கவாட்டில் இடம் பிடிக்காமல் மேலே எழும் செடி வேறெது? சாடியின் உயரம் செடியின் உயரத்தில் மூன்றில் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், கனமான சட்டியானால் சாயவும் சாயாது. மழையில் சுவர் வியர்க்கும், எனவே சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, இரண்டு செங்கல் துண்டின்மேல் வையுங்கள். அடியில் காற்று போகும். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் கரும்பச்சை வகை, நீலமோ பச்சையோ பூசிய சுவருக்கு மஞ்சள் கரை வகை. விறகடுப்புள்ள வீட்டில் புகைக்கரி இலையில் படியும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் கோடுகள் பளிச்சென்று தெரியும், எண்ணெய் பூச வேண்டாம். இலையைக் கடித்தால் வாந்தி வரும், தவழும் குழந்தையோ நாய்க்குட்டியோ இருந்தால் உயரத்தில் வையுங்கள்.

பக்கத்தில் ஒரு ஸ்பைடர் பிளாண்டைத் தட்டில் தொங்கவிட்டால் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று வழிந்தும் அந்த மூலை நிறைந்துவிடும். எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது ஸ்பைடர் பிளாண்ட்தான். குளிரில் வளர்ச்சி நிற்குமே தவிர இலை கெடுவதில்லை. சதைப்பற்றுள்ள வேர் சில நாள் மறதியையும் தாங்கும். கொடியின் நுனியில் தொங்கும் குட்டியை ஒரு யோகட் கோப்பை மண்ணில் அழுத்தி வைத்தால், வேர்விட்டதும் கொடியை வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.

இத்தனை பாராட்டியும், நண்பருக்கு இன்றைக்கு என் பதில்: வேண்டாம். வெளியே அடைமழை, இப்போதுதான் ஒரு கிழங்கை வெட்டி முடித்தேன், அந்த நாற்றம் இன்னும் விரலில் இருக்கிறது. இந்த மழை மாதத்தில் முதல் செடியாக இதை வாங்கி, அந்தத் துளையில்லாச் சாடியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஓகஸ்ட்டில் அது சாயும். ஸ்பைடர் பிளாண்ட் வாங்குங்கள். ஸ்நேக் பிளாண்ட்தான் வேண்டுமென்று மனம் கேட்டால் பெப்ரவரி கடைசியில், பனி விட்டு வெயில் ஏறும்போது வாங்குங்கள். கடைக்காரரிடம் பீங்கான் சாடியை அங்கேயே கழற்றித் தரச் சொல்லி, இலையின் அடியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.