ஜீப் முன்சக்கர பேரிங்: கையா, டயல் கேஜா, ஸ்பிரிங் தராசா?

பழைய மகிந்திரா ஜீப்பில் முன்பக்க பிரேக் ஷூ மாற்ற உட்கார்ந்தால் வேலை ஷூவோடு முடிவது அபூர்வம். சீல் கசிந்து ஷூ முழுக்க கிரீஸ் ஏறியிருக்கும். ஹப்பையும் (பேரிங் உட்காரும் சக்கர நடுப்பாகம்) கழற்றத்தான் வேண்டும். திரும்ப மாட்டும்போது பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் உள்நட்டை எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் ஆளுக்கொரு பேச்சு.

ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் கைப்பக்குவம்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மகிந்திரா ஜீப்பின் மூலமான வில்லிஸ் ஜீப் காலத்து வழிமுறையும் அதுவே: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, அது பிடிக்கும் வரை நட்டை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்துவது. அறுகோண நட்டில் ஒரு முகம் நகர்ந்தால் கணக்கு சரி. சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் சரியாக உட்காராது. பத்து கிலோமீட்டர் ஓடியதும் லூஸ் வந்துவிடும்.

கையின் குறை வேறு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லூஸ் தெரியும். அளவுக்கு மீறிய டைட் தெரியாது. பேரிங் நசுங்கிக் கிடந்தாலும் சக்கரம் ஆடாமல் நிற்கும், சுற்றவும் செய்யும். போதாததற்கு கிங்பின் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) ஆட்டத்தையும் பேரிங் தலையில் கட்டிவிடுவோம். (பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் பேரிங் மேல் பழி இல்லை.)

நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். காந்த அடியை டிரம்மில் ஒட்டி, கேஜின் தொடுமுனையை ஸ்பிண்டில் (ஹப் சுற்றும் நிலையான தண்டு) நுனியில் வைத்து, ஹப்பை உள்ளும் வெளியும் தள்ளி இழுக்க வேண்டும். இந்த வகை ஹப்புக்குப் பொதுவாக 0.025 முதல் 0.125 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 0.1 மி.மீ.; இதைக் கையால் உணர்ந்தேன் என்பவரை நான் நம்புவதில்லை. ஆனால் முள் பூஜ்யத்தில் நின்றுவிட்டால், அதற்குமேல் எவ்வளவு டைட் என்று கேஜாலும் சொல்ல முடியாது.

அந்த இடத்துக்கு ஸ்பிரிங் தராசு. வீல் போல்ட்டில் கொக்கியை மாட்டி, பக்கவாட்டில் இழுத்து, ஹப் நகரத் தொடங்கும் நொடியில் எடையைப் பார்ப்பது. டொயோட்டா லேண்ட் க்ரூயிசர் 80 வரிசைக்கு இதுதான் முறை: 28 முதல் 56 நியூட்டன், அதாவது சுமார் 3 முதல் 6 கிலோ இழுவை. அங்கே ஆட்டமே கூடாது, லேசான அழுத்தம் வேண்டும். அந்த எண்ணை ஜீப்புக்குத் தூக்கி வராதீர்கள். ஷூ டிரம்மில் உரசிக்கொண்டிருந்தால் தராசு பிரேக்கைத்தான் எடை போடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

என் ஜீப்புக்கு டயல் கேஜ்தான். தராசு துணைக்கு: நட்டு லூஸாக இருக்கும்போது ஒரு முறை, பூட்டியபின் ஒரு முறை இழுப்பேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் டைட்.

'பூட்டியபின்' என்பது முக்கியம். முதல் தடவை 0.10 வைத்து, லாக் வாஷரை மாட்டி, உள்நட்டைப் பூட்டும் வெளிநட்டை இறுக்கினேன். பிறகு ஹப்பைத் தள்ளி இழுத்தால் முள் அசையவே இல்லை. வெளிநட்டு இறுகும்போது மரை இடைவெளி ஒடுங்கி உள்நட்டு பேரிங்கை நோக்கி நகர்கிறது. எனவே உள்நட்டைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, பூட்டி, அப்புறம் அளக்க வேண்டும். அது சரியாக வர எனக்கு மூன்று முறை ஆனது.

கடைசியாக ஒரு ஓட்டம், பிறகு ஹப்பின் நடுவில் கை. டிரம் ஓரம் மட்டும் சூடென்றால் ஷூவைப் பாருங்கள். நடுப்பகுதி கை வைக்க முடியாமல் சுட்டால் மறுபடி நட்டுதான்.