வேலைத்தலத்துக்குப் போலோ ரீசேட்: எந்தத் துணி, எந்த எழுத்து?

"கடைப் பெயர் போட்ட போலோ ரீசேட் இருபத்தைந்து வேணும், எவ்வளவு வரும்?" ஏ9 வீதியோரம் கடை வைத்திருக்கிற எனக்கு ஓடர்கள் இப்படித்தான் வரும். விலை சொல்ல முன்னம் நான் ஒன்று கேட்பேன்: போடுகிற ஆக்களுக்கு என்ன வேலை?

தனிப் பருத்தியில் நல்லது பிக்கே என்கிற பின்னல். தேன்கூடு மாதிரி மேடுபள்ளமாக இருப்பதால் முதுகில் ஒட்டாது, சித்திரை வெயிலுக்கு இதைவிடச் சுகம் இல்லை. ஆனால் குடித்த வியர்வையை விடாது. கார்த்திகை மழையில் கொடியில் போட்டால் இரண்டு நாளும் ஈரம்தான். முதல் தோய்ப்பில் ஐந்து வீதம் சுருங்கினாலே 28 அங்குல நீளத்தில் ஒன்றரை அங்குலத்துக்குக் கிட்டப் போய்விடும். குனிந்து மூட்டை தூக்குகிறவருக்கு அது பெரிய கரைச்சல்.

பொலியெஸ்டர் மலிவு, சுருங்காது, இரவு தோய்த்தால் காலையில் போடலாம். பின்னேரம் ஆகும்போது மணம் வரும், அது வேறு கதை. விளையாட்டுக் கழகத்துக்கு என்றால் யோசிக்காமல் இதைத்தான் கொடுப்பேன். வெல்டிங் பட்டறைக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கமாட்டேன். பொறி பட்டால் பருத்தி கருகும்; பொலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பெற்றோல் செட்டுக்கும் பருத்திதான் நல்லது, செயற்கை நூலில் நிலைமின் சேரும்.

மிச்சம் இருக்கிற ஹார்ட்வெயார், போன் கடை, பாமசி எல்லாவற்றுக்கும் நான் காட்டுவது 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்திக் கலப்பு, துணிக் கனம் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீற்றருக்கு 200 கிராமுக்கு) குறையாமல். சுருக்கம் குறைவு, கொலர் நிற்கும். குறை ஒன்று உண்டு: கக்கத்திலும் பை தொங்குகிற பக்கத்திலும் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரளும். அதை ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிடுவேன்.

துணியைவிடப் பெரிய பிரச்சினை எழுத்து. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். சவர்க்காரம் நுரைக்காது, ஆகவே கல்லில் அடித்துத் தோய்ப்பார்கள். அந்த அடிக்கு நின்று பிடிப்பது எம்ப்ரொய்டரிதான். சட்டை கிழிந்தாலும் பெயர் கிடக்கும். டிரிஎஃப் என்கிற ஒட்டுப் பிறின்ற் பத்து நிறத்திலும் பளிச்சென்று வரும், ஐந்து சட்டைக்கும் செய்யலாம். ஆனால் அடியில் வெடிக்கும். மேலே நேராக அயன் வைத்தாலும் முடிந்தது. ஒருவர் இரண்டாம் கிழமையே சட்டையோடு வந்தார்: பெயரின் பாதி அயன்பெட்டியில். ஸ்கிரீன் பிறின்ற் ஐம்பதுக்கு மேலே, ஒரு நிறம் இரு நிறம் என்றால் கட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் செய்யவேண்டி இருப்பதால் பத்துச் சட்டைக்கு நட்டம். சூட்டில் சாயத்தை நூலுக்குள்ளேயே ஏற்றுகிற சப்ளிமேஷன் வெளிர்நிறப் பொலியெஸ்டருக்கு மட்டும். வெளிர்நிறச் சட்டை கிரவல் வீதிப் புழுதிக்கு எத்தனை நாள் தாங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எம்ப்ரொய்டரியில் தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம் வேணும். ஆங்கிலத்துக்குப் போடுகிற அதே உயரத்தில் தமிழைப் போட்டால் புள்ளி நூலுக்குள் மூழ்கிவிடும். "கிளிநொச்சி" "கிளிநொசசி" ஆகிவிடும். ஐந்து மில்லிமீற்றர் உயரத்தில் நான் ஒருமுறை தைத்து, பதினெட்டுச் சட்டையிலும் நூல் பிரித்தேன். இப்போது தமிழ் எழுத்து பத்து மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பெயரைச் சுருக்கச் சொல்வேன், இல்லாவிட்டால் முதுகில் பெரிதாகப் போடச் சொல்வேன்.

கொழும்புப் புறக்கோட்டையில் தைத்த சட்டை எடுத்து இங்கே பெயர் போடுவதா, இங்கேயே தைப்பதா? அவசரம் என்றால் முதலாவது. பெண்கள் கூட வேலை செய்கிற இடம் என்றால் இங்கே அளவெடுத்துத் தைப்பதே சரி. ஆண்களின் மீடியத்தைப் போட்டுத் தோள் கீழே தொங்க நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எங்கே எடுத்தாலும் இரண்டு மூன்று கூடுதலாக எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புது ஆள் வந்தால் அதே கடும்நீலம் கிடைக்காது, சாயம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறித்தான் விழும்.