பழைய எஸ்யூ பெட்ரோல் பம்பைப் பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக எலக்ட்ரானிக் பம்ப் மாட்டுவதா?

என்னிடம் இருப்பது எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சாவியைத் திருப்பியதும் அதன் பின்பக்கத்திலுள்ள எஸ்யூ நிறுவனத்தின் பெட்ரோல் பம்பிலிருந்து படபடவென்று டக் டக் சத்தம் வரும். கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்ப நிரம்ப அது மெதுவாகி நின்றுவிடும். அப்புறம்தான் ஸ்டார்ட் செய்வேன். சில மாதம் ஓட்டாமல் வைத்திருந்த பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் வரவே இல்லை. கீழே குனிந்து ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பம்பை இரண்டு தட்டுத் தட்டினேன், ஓடியது. அடுத்த வாரம் நான்கைந்து தட்டு தேவைப்பட்டது. அதற்கடுத்த முறை எத்தனை தட்டியும் அசையவில்லை.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பழைய எஸ்யூ பம்பைப் பிரித்து டயாஃப்ரமும் (பெட்ரோலைத் தள்ளும் வளையும் சவ்வு) பாயிண்ட்டும் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்) மாற்றுவது ஒன்று. பொதுவாகக் கிடைக்கும் சிறிய எலக்ட்ரானிக் பம்பை வாங்கி மாட்டுவது இன்னொன்று. எஸ்யூவின் உடலிலேயே பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் சுவிட்ச் வைத்து வருவது மூன்றாவது. நான் பழையதைப் பிரித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

விலை, தோற்றம், அசல் பாகம் என்ற பெருமை எல்லாம் அவரவர் விருப்பம். என்னைப் பொறுத்தவரை முடிவுசெய்யும் விஷயம் ஒன்றுதான்: பழுதானால் இதைத் திறக்க முடியுமா? சிறிய எலக்ட்ரானிக் பம்புகளில் பெரும்பாலானவை மூடி அடைக்கப்பட்டவை. ஓடும்வரை ஓடும், நின்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். எஸ்யூ அப்படியில்லை. உள்ளே ஒரு காந்தச் சுருள், ஒரு டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி பாயிண்ட். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கும், பெட்ரோல் உள்ளே வரும். இழுப்பின் முடிவில் பாயிண்ட் திறந்து மின்சாரம் அறுபடும், ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் திரும்பத் தள்ளி பெட்ரோலை அனுப்பும். கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் ஸ்பிரிங்கால் மேலும் தள்ள முடியாது. பம்ப் பாயிண்ட் திறந்தபடியே அமைதியாக நிற்கும்.

இதனால் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், டேங்க் காலி அல்லது உறிஞ்சும் பக்கக் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. இன்ஜின் ஓடாதபோதும் சில நொடிக்கு ஒருமுறை டக் என்றால் வால்வு சரியாக மூடவில்லை, இல்லையென்றால் எங்கோ கசிகிறது. சத்தமே இல்லையென்றால் பாயிண்ட், எர்த் வயர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

என்னுடையதில் பாயிண்ட்தான். பம்ப் தலையிலிருந்த கறுப்பு மூடியைக் கழற்றியபோது இரண்டு முனைகளும் கருகி, ஒன்றில் குழி விழுந்து, மற்றதில் சின்ன மேடு எழும்பி இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து ஓட்டலாம், ஆனால் நீண்ட நாள் தாங்காது. பிரித்ததுதான் பிரித்தோம் என்று டயாஃப்ரத்தையும் மாற்றினேன். பழையது விறைத்துப்போய், மடித்தால் வெடிக்கும் நிலையில் இருந்தது. புதியது எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று கேட்டே வாங்குங்கள்.

பிரிக்கும்போது டயாஃப்ரத்துக்கு அடியிலிருக்கும் சின்னப் பித்தளை உருளைகளைக் கவனியுங்கள். மொத்தம் 11. ஒன்று உருண்டு காணாமல் போனாலும் டயாஃப்ரத்தின் தண்டு நடுவில் நிற்காது. நான் துணி விரித்த தட்டில் வைத்துப் பிரித்தேன். ஸ்க்ரூக்கள் பிஏ எனப்படும் பழைய பிரிட்டிஷ் அளவு மரை. மெட்ரிக் ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

கைப்பக்குவம் வேண்டிய இடம் டயாஃப்ரத்தை அமைப்பது. பாயிண்ட் தகட்டைக் கழற்றிவிட்டு, டயாஃப்ரத்தை உள்ளே திருகிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் அழுத்தினாலும், பாயிண்ட்டைத் திறந்து மூடும் ராக்கர் என்ற நெம்பு புரளாது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருகி, சீராக அழுத்திப் பார்க்க வேண்டும். ராக்கர் முதன்முதலாகப் புரளும் இடத்தில் நிறுத்தி, டயாஃப்ரத்தின் விளிம்புத் துளைகளைப் பம்ப் உடலின் அருகிலுள்ள ஸ்க்ரூ துளைகளுக்கு நேராக்கி, அதிலிருந்து இன்னும் நான்கு துளை வெளியே. ஆறு துளையில் நான்கு, அதாவது ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு. வெடுக்கென்று அழுத்தினால் தவறான இடத்தில் புரண்டு ஏமாற்றும். நான் மூன்று முறை திரும்பச் செய்தேன். ஒரு மாலை முழுக்கப் போனது.

எலக்ட்ரானிக் பம்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதில் கருகுவதற்குப் பாயிண்ட் கிடையாது, மாதக்கணக்கில் நின்ற வண்டியிலும் உடனே ஓடும். ஆனால் அழுத்தத்தைப் பாருங்கள். எம்ஜிபியின் எஸ்யூ பம்ப் தருவது சுமார் 2.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). இதைவிட நன்றாகக் கூடுதலாகத் தரும் பம்பை மாட்டினால் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாக்குப்பிடிக்காமல் பெட்ரோல் வழியும். சூடான இன்ஜினுக்கு அருகில் அது விளையாட்டில்லை, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம். அப்புறம் எர்த். 1967 கடைசியில் மார்க் 2 என்ற அடுத்த பதிப்பு வரும்வரை எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பாயிண்ட் பம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எலக்ட்ரானிக் பம்பைத் தலைகீழாக இணைத்தால் போய்விடும்.

மூன்றாவது வகையை நான் என் வண்டியில் ஓட்டியதில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் ஓராண்டாகச் சிக்கலில்லாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வண்டியை அடிக்கடி எடுக்க முடியாதவர்களுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். உடல் அதேதான் என்பதால் டயாஃப்ரம் போனால் பிரித்து மாற்றிக்கொள்ளலாம்.

என் பம்ப் சரிசெய்து இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுக்கிறேன். ஓடிக்கொண்டே இருந்தால் பாயிண்ட்டில் படலம் படிவதில்லை. டேஷ்போர்டு பெட்டியில் ஒரு ஜோடி பாயிண்ட்டும் சின்ன ஸ்பேனரும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இதுவரை அந்தத் துணிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டி வரவில்லை.