பெயின்ட் காய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன், அதுதான் தப்பு

எங்களிடம் பழைய கோல்ஃப் கார்ட் ஒன்று இருக்கிறது. முட்டி தேய்ந்துபோன அப்பா தோட்டத்தைச் சுற்றி வர வாங்கியது. 48 வோல்ட் வண்டி, சீட்டுக்கு அடியில் 8 வோல்ட் பேட்டரி ஆறு. ஒன்று ஏறக்குறைய 28 கிலோ என்றால் மொத்தம் 170 கிலோவை ஒட்டி வரும். இவ்வளவு கனத்தையும் தாங்குவது அடியில் இருக்கிற ரேக்தான். எங்கள் வண்டியில் அது ஆசிட் பட்டு அரித்து, விரலால் அழுத்தினால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. புதிதாக ஒன்று செய்யலாம் என்று ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

பேசியது இவ்வளவு: 40 மி.மீ. ஆங்கிள் (L வடிவ இரும்பு), 5 மி.மீ. கனம். மூலைகளில் முழு வெல்டு. அடியில் சாதா இரும்பு ஷீட், அதில் தண்ணீர் வடிய ஓட்டை. பிரைமர் அடித்து அதன்மேல் எபாக்சி பெயின்ட் இரண்டு கோட். மேலே பேட்டரிகளை அழுத்திப் பிடிக்கும் பட்டைக்கு ரப்பர் உறை. எல்லாவற்றுக்கும் "செஞ்சுடலாம் சார்" என்றார். எதையும் எழுதி வாங்கவில்லை. முன்பணம் மட்டும் கொடுத்தேன்.

சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார். போனால் கறுப்பாக, கண்ணாடி மாதிரி மின்னியது ரேக். ஓட்டையைக் காணோம். கேட்டதற்கு, "ஓட்டை போட்டா ஆசிட் கீழ கொட்டி வண்டி வீணாப்போகும் சார்" என்றார். சரியாகத்தான் சொல்கிறார் போல என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வடியாத ஆசிட் ரேக்கிலேயே தேங்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஐந்து மாதம் ஓடியது. நடுவில் என் தப்பும் ஒன்று உண்டு. ஒருநாள் சார்ஜ் போடுவதற்கு முன்பே டிஸ்டில்டு வாட்டரை கழுத்து வரை ஊற்றிவிட்டேன். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் திரவம் பொங்கி வழியும். உள்ளே இருக்கும் ஈயப் பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்குமளவு ஊற்றிவிட்டு, மீதியை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். ஆனால் இப்படி வழிவது எந்த வண்டியிலும் நடக்கக்கூடியதுதான். அதைத் தாங்கத்தானே ரேக்?

ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று சத்தம். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு மூலை பேட்டரி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அதன் கேபிள் ரேக்கின் கூரான விளிம்பில் உரசி, மேல் ரப்பர் பாதிக்கு மேல் அறுந்திருந்தது. பெரும்பாலான கோல்ஃப் கார்ட்டுகளில் பேட்டரி மின்சுற்று வண்டிச் சட்டத்தோடு சேர்ந்திருக்காது. அதனால் ஓரிடத்தில் தொட்டால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டாவது இடத்திலும் தொட்டால் ஷார்ட். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட ஆம்பியர் பாயும், கேபிளே பழுத்துவிடும். மேல் பட்டைக்குச் சொன்ன ரப்பர் உறையும் இல்லை. வெறும் இரும்புப் பட்டை, டெர்மினலுக்கு ஒரு விரல் இடைவெளியில்.

பேட்டரிகளை இறக்கி, ரேக்கை சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவிவிட்டு கிரைண்டர் போட்டேன். பெயின்டுக்குக் கீழே பிரைமரே இல்லை, சாதாரண எனாமல். அதற்கும் கீழே, மூலைகளில், பட்டி. ஆமாம், சுவருக்கு வைக்கிற மாதிரி பட்டி வைத்து இழைத்திருக்கிறார். அதைச் சுரண்டினால் ஒரு மூலைக்கு இரண்டே இரண்டு பொட்டு வெல்டு. இறங்கிய மூலையில் இரண்டுமே விட்டுப்போயிருந்தன. வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: ஆங்கிள் 3 மி.மீ.

இது எல்லாவற்றையும்கூட மன்னித்திருப்பேன். அடி ஷீட்டைத்தான் மன்னிக்க முடியவில்லை. பட்டறையில் மிஞ்சிக் கிடந்த ஜி.ஐ. ஷீட்டை வெட்டிப் போட்டிருந்தார். மேலே பூசிய துத்தநாகம் போன இடமெல்லாம் வெள்ளைப் பொடி. பள்ளிக்கூட ஆய்வகம் ஞாபகம் இருக்கிறதா? துத்தநாகத் துண்டில் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றி, எரியும் குச்சியைக் காட்டினால் 'பாப்' என்று வெடிக்குமே, அந்த ஹைட்ரஜன்தான். சார்ஜ் ஏறும்போது பேட்டரியே அதை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடிய வாயு. அதற்குத் துணையாக இன்னொரு ஊற்றையும் அடியில் வைத்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். "ஆசிட் கொட்டினா எந்த இரும்பும் தாங்காது சார்" என்றார். பட்டியைக் காட்டியதும் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, வண்டியோட கொண்டாங்க. பேட்டரியெல்லாம் இறக்க வேணாம், அப்படியே அடியில படுத்து நாலு பொட்டு வெச்சுடறேன்."

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஆறு பேட்டரிக்கு ஒரு சாண் கீழே வெல்டிங் பொறி! பேட்டரிகளை இறக்காமல், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் இணைப்பையும் கழற்றாமல் இந்த வண்டியில் யாராவது வெல்டிங் ஹோல்டரை எடுத்தால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். எவ்வளவு பழகின ஆளாக இருந்தாலும் சரி.

முன்பணம் போனது போனதுதான். நான்கு முறை அலைந்தேன், கடைசியில் போனையே எடுக்கவில்லை.

இரண்டாவது ரேக்கை வேறொருவரிடம் கொடுத்தேன். இந்த முறை ஒரு தாளில் படம் போட்டு, கனம், வெல்டு, ஓட்டை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எடையையும் குறித்தேன்: 40 மி.மீ. ஆங்கிள் 5 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு 3 கிலோ, 3 மி.மீ. என்றால் 1.8 கிலோதான். ஆறு மீட்டர் பிடிக்கும் ரேக்கில் இந்த வித்தியாசத்தைத் தராசே சொல்லிவிடும். பேட்டரிகளுக்குக் கீழே ஆசிட் தாங்கும் பிளாஸ்டிக் ட்ரேயும் சேர்த்தேன். முக்கியமாக, பெயின்ட் அடிக்கும் முன் கூப்பிடச் சொன்னேன்.

கூப்பிட்டார். வெறும் இரும்பாக, கறுத்த வெல்டு தழும்புகளோடு, பார்க்கவே அசிங்கமாக இருந்தது ரேக். ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு மூலையில் உள்பக்க வெல்டு விட்டிருந்தது. "அண்ணே, இங்க ஒண்ணு விட்டுப்போச்சே" என்றேன். குனிந்து பார்த்தார், கண்ணாடியை இறக்கினார், என் எதிரிலேயே ஓட்டி முடித்தார்.