ரிங்குக்குள்ள எது கைகொடுக்கும்: ஈரலா, சிக்கனா, பனீரா, மீனா?

முதல் டாக் ஷோவுக்கு நாய்க்கு நான் கொண்டு போனது கோழி ஈரல், நல்லா வேக வெச்சு, பழக்க தோஷத்துல ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு. எங்க வீட்டுல எந்த கறி வேக வெச்சாலும் மஞ்சள் இல்லாம அடுப்புல ஏறாது, நாய்க்கு மட்டும் எதுக்கு வேற மாதிரின்னு கை தானா டப்பாவுக்குள்ள போயிடுச்சு. எங்க நாயோ ராஜபாளையம். பால் வெள்ளை. ரிங்குக்குள்ள, அதாவது ஜட்ஜ் நாயைப் பாக்குற இடத்துக்குள்ள, போறதுக்குள்ள வாயைச் சுத்தி மஞ்சளும் பிரவுனுமா பூசிக்கிட்டு, பிரியாணி சாப்ட்டு வாய் துடைக்காத பையன் மாதிரி நின்னான். வெட் டிஷ்யூ போட்டு தேச்சா இன்னும் பரவுது.

அன்னைக்கு தான் புரிஞ்சுது, நாய்க்கு எது ரொம்ப பிடிக்கும்ங்கிறது ஒரு கேள்வி, ரிங்குல எது வேலை செய்யும்ங்கிறது வேற கேள்வி. வீட்டுல ட்ரெய்னிங்குக்கு எதுவா இருந்தாலும் ஓடும். ரிங்குல பெய்ட், அதாவது நாயோட கவனத்தைப் பிடிக்க நாம கைல வெச்சிருக்கிற தீனி, ஒரு விநாடில உள்ள போகணும், உதிரக்கூடாது, வாய்ல கறை விடக்கூடாது, கைல வழுக்கக்கூடாது, கூப்பிடுற வரைக்கும் மணிக்கணக்குல காத்திருந்தா கெட்டுப்போகக்கூடாது. அதுக்கும் மேல ஜட்ஜ் பல்லு பாக்க வருவாரு, அந்த நேரம் நாய் எதையாவது அசை போட்டுக்கிட்டு இருந்தா உங்களுக்கும் சங்கடம் அவருக்கும் சங்கடம். இந்த அஞ்சாறு விஷயத்துலயும் எது தேறுதுன்னு நாலையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்ததை தான் இங்க சொல்றேன்.

ஈரல்ல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா உலகம் பூரா ஹேண்ட்லருங்க, அதாவது ரிங்குல நாயைப் பிடிச்சுக் காட்டுறவங்க, கைல ரொம்ப காலமா இருக்கிறது இது தான். வாசனைக்கு இதை அடிச்சிக்க ஆளே கிடையாது, தீனி வெக்கிற பவுச் ஜிப்பை திறந்தாலே பக்கத்து நாய் கூட காதைத் தூக்கும். விலையும் கம்மி, கறிக்கடைல நாய்க்குன்னு கேட்டா சில நேரம் சும்மாவே அள்ளிப் போடுவாங்க. ஆனா வெறுமனே வேக வெச்ச ஈரல் ரிங்குக்கு ஆகாது, அழுத்துனா மாவு மாதிரி உடையும், விரல் இடுக்குல ஒட்டும். அதை காய வெக்கணும். உப்பு மஞ்சள் எதுவும் போடாம பத்து நிமிஷம் கொதிக்க வெச்சு, ஆற விட்டு, சுண்டு விரல் நகம் சைசுக்கு வெட்டி, ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்) இருந்தா 100 டிகிரில ஒன்றரை மணி நேரம், இல்லைன்னா தோசைக்கல்லுல எண்ணெய் இல்லாம சின்ன தீயில திருப்பித் திருப்பி. மைக்ரோவேவ்ல வெச்சா வெடிச்சு உள்ள பூரா தெறிக்கும், வீட்டுல மூணு நாள் பேச்சு வாங்கணும், என் அனுபவம்.

இன்னொரு வழி ஈரல் இட்லி. சிரிக்காதீங்க. பச்சை ஈரலை மிக்ஸில அடிச்சு, ஒரு முட்டை, கெட்டியாகுற அளவுக்கு கேழ்வரகு மாவு, கலக்கி இட்லி தட்டுல ஊத்தி இருபது நிமிஷம் வேக வெச்சு, ஆறுனதும் துண்டு போட்டு கல்லுல வாட்டி எடுத்தா நல்லா கிண்ணுன்னு நிக்கும், கைல ஒட்டாது. இதுக்குன்னு ஒரு பழைய இட்லி தட்டு தனியா வெச்சுக்குறது குடும்ப அமைதிக்கு நல்லது. ஈரல்ல ரெண்டு பிரச்சனை எப்படி செஞ்சாலும் போகாது. ஒன்னு, பிரவுன் கறை, வெள்ளை நாய்க்கு அது பாதகம், கருப்பு லேப்ரடாருக்கு யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரெண்டாவது, ஈரல்ல விட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி, மாட்டு ஈரல்ல கோழி ஈரலை விடவும் அதிகம், தினமும் ப்ராக்டிஸுக்கு கை நிறைய குடுத்துக்கிட்டே இருந்தா உடம்புல சேந்து எலும்பு மூட்டு எல்லாம் பாதிக்கும். கொஞ்சம் அதிகமா போனாலே லூஸ் மோஷன் வேற. ஷோ அன்னைக்கு காலைல அது எவ்வளவு பெரிய சோதனைன்னு பட்டவங்களுக்கு தெரியும்.

சிக்கன் ப்ரெஸ்ட் இதுக்கு நேர் எதிர், சாதுவான ஆள். கறை கிடையாது, கொழுப்பு கம்மி, வயித்துக்கு லேசு. நிறைய பேர் "சிக்கன் உதிருது"ன்னு சொல்றாங்க, அது சிக்கன் மேல தப்பு இல்ல, குக்கர்ல மூணு விசில் விட்டா எந்த கறியும் நார் நாரா தான் போகும். திறந்த பாத்திரத்துல மெதுவா கொதிக்க விட்டு, உள்ள வரைக்கும் வெந்ததும் அடுப்பை அணைச்சு, அந்த தண்ணிலயே ஆற விட்டு, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சு காலைல வெட்டிப் பாருங்க, கத்தி அப்படியே வழுக்கிக்கிட்டு போகும். வெட்டுறதும் நார் ஓடுற திசையிலயே நீளமா வெட்டணும், குறுக்க வெட்டுனா தான் பொலபொலன்னு கொட்டும். நீளமா விரல் மாதிரி இருந்தா இன்னொரு லாபம், ஃப்ரீ ஸ்டாக்ல, அதாவது நாம கை வெச்சு நிறுத்தாம நாய் தானா போஸ் குடுத்து நிக்கும் போது, நுனியை மட்டும் விரலுக்கு வெளில நீட்டி நக்க விடலாம், கொஞ்சம் கொஞ்சமா கடிக்க விடலாம், முழுசா முழுங்கிட்டு அடுத்தது எங்கன்னு குதிக்காது. குறை ஒன்னே ஒன்னு தான், வாசனை பத்தாது. வீட்டுல அமர்க்களமா வேலை செய்யிற சிக்கன், பக்கத்து ரிங்குல ஒரு பெண் நாய் நிக்கும் போது காத்துல கரைஞ்சு போயிடும்.

பனீர். இது சைவ வீட்டு நாய்க்காரங்களோட ஆயுதம், நானும் முதல்ல கிண்டல் பண்ணேன், அப்புறம் வாயை மூடிக்கிட்டேன். வெள்ளை நாய்க்கு வெள்ளை பெய்ட், இதை விட பொருத்தம் உண்டா. ஒரு லிட்டர் பால்ல ஏறக்குறைய 200 கிராம் வரும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு திரிச்சு, துணில கட்டி மேல குழவிக்கல்லை ஏத்தி வெச்சுட்டா நல்லா இறுகும், கடைல வாங்குறதை விட சதுரமா வெட்ட வரும். கல்லுல ரெண்டு பக்கம் வாட்டிட்டா கைல பிசுபிசுக்காது. ஆனா கணக்கு பாக்கணும். டாக்டருங்க பொதுவா சொல்றது, ட்ரீட் எல்லாம் சேந்து ஒரு நாள் கலோரில பத்து சதவீதம் தாண்டக்கூடாதுன்னு. 22 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு தோராயமா 1100 கலோரின்னு வெச்சுக்கிட்டா ட்ரீட்டுக்கு 110, அதுல சிக்கன்னா 65 கிராம் வரும், பனீர்னா 35 கிராம் கிட்ட தான் வரும். ஒரு ஷோல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் 35 கிராமை வெச்சு ஓட்டணும்னா மிளகு சைசுல தான் வெட்டணும். பால் ஒத்துக்காத நாய்ங்களும் இருக்கு, பனீர்ல தண்ணி வடிஞ்சு லாக்டோஸ் கொறஞ்சாலும் சில வயிறு அதையும் தாங்காது. கடைல விக்கிற சீஸ் க்யூப் பக்கம் போகாதீங்க, உப்பு ஜாஸ்தி, வெயில்ல எண்ணெய் விட்டு பவுச்சே நாறிடும்.

மீன் பத்தி சுருக்கமா முடிச்சுக்குறேன். நெத்திலி கருவாடு நாய்க்கு சொர்க்கம், ஆனா உப்பு, ஊற வெச்சு ரெண்டு தண்ணி மாத்துனாலும் உப்பு முழுசா போறதில்ல. பச்சை நெத்திலி வாங்கி தலையைக் கிள்ளி உப்பில்லாம ஓவன்ல மொறுமொறுன்னு காய வெச்சா நல்லா தான் வருது, வீடு நாலு நாளைக்கு காசிமேடு ஆயிடும். அந்த கையோட ஜட்ஜ் கிட்ட போய் நிக்கணும், ஃபோட்டோ எடுக்கணும், தெரிஞ்சவங்க கை குலுக்க வருவாங்க. ப்ராக்டிஸுக்கு ஓகே. ரிங்குக்கு நான் எடுத்துட்டுப் போறதில்ல.

முட்டையும் சக்கரவள்ளிக்கிழங்கும் கூட போட்டுப் பாத்தேன். அவிச்ச முட்டைல வெள்ளைக்கரு வழுக்குது, மஞ்சக்கரு தூளாகுது. கிழங்கை காய வெச்சா தோல் மாதிரி ஆயிடுது, நாய் அதை மெல்ல ஆரம்பிச்சா ஜட்ஜ் ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வந்துடலாம்.

இடமும் முக்கியம். மே மாசம் ஊட்டில குளிருக்கு எதுவும் சீக்கிரம் கெடாது, எதை வேணா கொண்டு போகலாம். கீழ சமவெளில அதே கதை ஓடாது. சமைச்ச கறி வெளில ரெண்டு மணி நேரம் தாங்கும், 32 டிகிரி தாண்டிட்டா ஒரு மணி நேரம் தான், அதுக்கு மேல பாக்டீரியா விளையாட ஆரம்பிச்சுடும். அதனால ஐஸ் பாக்ஸ்ல மொத்தத்தையும் வெச்சுட்டு, ரிங்குக்கு கூப்பிடும் போது மட்டும் ஒரு கைப்பிடி எடுத்து பவுச்ல போடுங்க. இந்த விஷயத்துல நல்லா காஞ்ச ஈரல் தான் ஜெயிக்கும், பனீர் தான் முதல்ல புளிக்கும்.

நாயோட ஜாதியையும் பாக்கணும். ராஜபாளையம் சாப்பாட்டுக்கு ஓரளவு மசியும். ஃப்ரெண்டோட சிப்பிப்பாறை ஒன்னு இருக்கு, வேட்டை நாய் புத்தி, தூரத்துல ஒரு காக்கா அசைஞ்சா போதும், கைல தங்கமே இருந்தாலும் திரும்பிப் பாக்காது. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி, காஞ்ச ஆட்டு நுரையீரல். பஞ்சு மாதிரி லேசா இருக்கும், நல்லா காஞ்சதும் விரல்ல நசுக்குனா ஒரு நொறுக் சத்தம் வரும், அந்த சத்தத்துக்கு காது ரெண்டும் நிமிரும், அந்த நொடில ஜட்ஜ் பாத்துட்டா எக்ஸ்ப்ரெஷனுக்கு அதுவே போதும். ஆனா தூள் விழும். தூள் விழுந்தா பொறுக்கணும், அப்படியே விட்டுட்டு வெளில வந்தா அடுத்து வர்ற பீகிள் மூக்கை தரைல வெச்சுட்டு நகராது, அந்த ஹேண்ட்லர் உங்களை எப்படிப் பாப்பாருன்னு நான் சொல்லத் தேவையில்ல.

எதை செஞ்சாலும் வெங்காயம், பூண்டு வேண்டாம், பொடியா கூட வேண்டாம், நாய்க்கு ரத்த அணுவையே உடைக்கும். கடை சாசேஜ்ல அந்தப் பொடி இருக்க வாய்ப்பு அதிகம், அதான் அதை இந்த போட்டிலயே சேக்கல. பீனட் பட்டர் போடுறவங்க லேபிள்ல சைலிட்டால்னு (சர்க்கரைக்குப் பதிலா போடுற இனிப்பு) இருந்தா அப்படியே கீழ வெச்சுடுங்க, அது கொஞ்சம் போனாலே நாய்க்கு விஷம்.

இப்போ நான் எதுல வந்து நின்னேன்னா, ஈரலுக்கும் சிக்கனுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுட்டேன். ஈரல் வேக வெச்ச தண்ணியைக் கொட்டாம வடிகட்டி, அதுலயே சிக்கன் ப்ரெஸ்ட்டை வேக வெச்சு, அதுலயே ஆற விட்டு, மறுநாள் வெட்டி கல்லுல லேசா வாட்டுறது. சிக்கன் தான், ஆனா வாசனை ஈரல். வாய்ல பிரவுன் கறை கிட்டத்தட்ட இல்ல, அந்த விட்டமின் ஏ பயமும் ரொம்ப கொறைஞ்சுது. ஒரே வேலைல ரெண்டு வாரத்துக்கு செஞ்சு சின்ன சின்ன ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீஸர்ல வெச்சுடுவேன், வேணுங்கிறதை முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு இறக்கிடுவேன். நிஜமான காஞ்ச ஈரல் நாலே நாலு துண்டு மட்டும் தனி டப்பால, அது வரிசையா நிக்க வெச்சு கடைசியா தேர்ந்தெடுக்கும் போது தான் வெளில வரும், அது வரைக்கும் நாய்க்கு அது இருக்குறதே தெரியக்கூடாது. பல்லு பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் எதுவுமே கிடையாது, பாத்து முடிச்சதும் ஒன்னு. கருப்பு, பிரவுன் நாய் வெச்சிருந்தா இவ்வளவு சுத்தி வளைக்க வேண்டாம், நேரா காஞ்ச ஈரலுக்கே போயிடுங்க.

புதுசா எதை செஞ்சாலும் ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல குடுத்து வயிறு என்ன சொல்லுதுன்னு பாத்துக்கோங்க. அப்புறம் அந்த பவுச்சை ஷோ முடிஞ்ச அன்னைக்கே துவைச்சுடுங்க, நான் ஒரு தடவை கார் டிக்கில மறந்துட்டு மூணாவது நாள் திறந்தேன், எறும்பு கூட அதுகிட்ட வரல.